பத்தாவது பெயர்

நீர்வேலி,
14.03.2005

அன்புள்ள யசோதினிக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்க இந்த முறை கை வரவில்லை. நீரும் ஆரணியும் ஒரு வாய் சாப்பிடுகிறீர்களா, கண் மூடுகிறீர்களா என்று மட்டும் கேட்கிறேன். நான் இருக்கிறேன், அவ்வளவுதான்.

ராசன் போன செய்தியைச் சந்திக் கடை ரெலிபோனில் நீர் சொன்னபோது எனக்கு முழுதாக விளங்கவில்லை. எனக்கு ஒரு காது கேளாது என்பது உமக்குத் தெரியும். மற்றக் காதில் உம்முடைய அழுகைதான் விழுந்தது. சனிக்கிழமை காலை, பிள்ளைகள் விளையாடும் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டு நின்றவன் அப்படியே குந்தினான், பிறகு எழும்பவில்லை என்று பக்கத்து வீட்டுப் பாமாதான் திரும்பக் கேட்டுச் சொன்னாள். ஐம்பது வயது. எனக்குப் பின்னால் பிறந்த தம்பி எனக்கு முன்னால் போய்விட்டான். போனில் இரண்டு பேரும் சேர்ந்து அழத்தான் ஏலும், கதைக்க ஏலாது. ஆகையால் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை இங்குள்ள பத்திரிகையில், லண்டனிலிருந்து நீங்கள் அனுப்பிய மரண அறிவித்தல் வந்தது. அதில் "தவநாயகி, காலஞ்சென்ற றமணன் ஆகியோரின் பாசமிகு சகோதரரும்" என்று போட்டிருக்கிறது.

யசோ, என் சின்னத் தம்பி எப்போது காலஞ்சென்றான்? 96 ஆவணியில் ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. இல்லாத தகவலை லண்டனில் யார் கண்டுபிடித்தது? ஒன்பது வருடமாக விண்ணப்பம் எழுதி எழுதி என் விரல் தேய்ந்திருக்கிறது. குடும்ப அட்டையில் அவன் பெயரை வெட்ட வேண்டுமென்று வருடா வருடம் அரசாங்கப் பதிவுக்கு வருகிற விதானையாரை வாசலோடு திருப்பி அனுப்புகிறேன். ராசன் எத்தனை தரம் லண்டனுக்குக் கூப்பிட்டான்? றமணன் வந்து பார்க்கும்போது வீடு பூட்டியிருக்கக் கூடாது என்றுதானே நான் இங்கே கிடக்கிறேன்?

வெள்ளிக்கிழமை பாமா வந்து, "அக்கா, றமணனுக்கும் ஏதும் செய்தி வந்ததோ? பேப்பரில போட்டிருக்கினமே" என்று கேட்டுவிட்டு என் கையைப் பிடித்தாள். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு ஒரு சாவுக்கு அழுவதா இரண்டுக்கு அழுவதா என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டுப் புத்தகம் அடித்துக் கொடுப்பீர்கள். ராசனுடைய வாழ்க்கை அதில் எழுதிவைக்கப்படும். அந்தப் புத்தகத்தில் றமணனின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்ற சொல் இருக்கக் கூடாது. இது நான் கேட்கும் ஒரே காரியம்.

பிள்ளையைத் தனியே விடவேண்டாம். நீரும் நேரத்துக்குச் சாப்பிடும்.

மச்சாள்,
தவநாயகி


எட்மண்டன், லண்டன்,
27.03.2005

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. நாங்கள் இருவரும் சாப்பிடுகிறோம். அயலவர்கள் முறை வைத்துச் சமைத்துக் கொண்டு வருகிறார்கள். உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். அந்த அறிவித்தலை நான் எழுதவில்லை. எனக்கு அந்த நேரம் என் பெயரே நினைவில்லை. இவருடைய நண்பர் ஒருவர்தான் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினார். அவருக்கு எங்கள் குடும்பம் சரிவரத் தெரியாது. மாமா மாமியின் பெயர்களுக்கு முன்னால் போட்ட சொல் தவறி அங்கேயும் வந்துவிட்டது போல. கல்வெட்டு இப்போது அச்சகத்தில் இருக்கிறது. நானே போய் எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். அதில் அந்தச் சொல் இல்லை.

அறிவித்தலில் தொப்பி போட்ட படத்தை ஏன் போட்டீர்கள் என்று இங்கே கேட்டார்கள். தொப்பி இல்லாத படம் என்றால் எங்கள் கல்யாணப் படம் ஒன்றுதான் இருக்கிறது. அதில் தலைப்பாகை.

ஈமக்கிரியைக்கு அவருடைய பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள். பிள்ளைகள் என்றால் அவர் பேஸ்போல் பழக்கிய பிள்ளைகள். கானா நாட்டுப் பிள்ளைகள், துருக்கிப் பிள்ளைகள், போலந்துப் பிள்ளைகள், எங்கள் பிள்ளைகள். எல்லோரும் சிவப்புத் தொப்பியோடு வரிசையில் நின்று, ஐயர் சொன்னபோது அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள். ஒரு கானாப் பையன் பெட்டியைத் தொட்டு, "ஓடு, கோச், ஓடு" என்றான். அவன் சொன்னது தமிழில், மச்சாள். இவர் பழக்கிய சொல். நான் அதுவரைக்கும் அழாமல்தான் நின்றேன்.

உங்களுக்குத் துணையாக நல்லூரான் இருக்க வேண்டும்.

அன்பின்,
யசோதினி


எட்மண்டன், லண்டன்,
17.04.2005

அன்புள்ள மச்சாளுக்கு,

என் முதற் கடிதம் கிடைத்ததோ தெரியவில்லை. கோபம் இன்னும் ஆறவில்லையோ என்று பயமாக இருக்கிறது. உங்கள் முழங்கால் வலி எப்படி?

அந்தியேட்டி நல்லபடியாக முடிந்தது. சாம்பலைச் சவுத்எண்ட் கடலில் கரைத்தோம். இத்துடன் கல்வெட்டு வைத்திருக்கிறேன். பதினாறாம் பக்கத்தில் உங்கள் பெயரும் றமணனின் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பாருங்கள்.

ஐயர் எழுதிய பாட்டில், "பந்தடி பழக்கி வந்த பண்பாளன்" என்று ஒரு வரி வருகிறது. அவ்வளவுதான். அவர் வாழ்க்கையின் பாதி அந்த ஒரு வரிக்குள் முடிந்துவிட்டது. அதனால் உங்களுக்காவது எழுத வேண்டும் போல இருக்கிறது.

கவுன்சில் பூங்காக்களில் அவர் புல்லு வெட்டினார் என்பது உங்களுக்குத் தெரியும். 97இல் ஒரு நாள் மெஷினோடு போன இடத்தில் சில அமெரிக்கர்கள் பேஸ்போல் விளையாடிக்கொண்டிருந்தார்களாம். இவர் மெஷினை நிற்பாட்டிவிட்டு ஒரு மணித்தியாலம் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல், "யசோ, இது எங்கட ஊர் எல்லே விளையாட்டுத்தான். தடிக்குப் பதிலா மட்டை, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். அடுத்த வருடம் அவர்கள் நாட்டுக்குத் திரும்பிப் போனபோது மட்டைகளையும் கையுறைகளையும் இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததில்லை. குசினி மேசையில் பந்து, குளியலறையில் சேறு. எத்தனை தரம் ஏசியிருப்பேன்! இப்போது எல்லாம் துப்புரவாக இருக்கிறது. பார்க்கப் பிடிக்கவில்லை.

நேற்று அவருடைய கொப்பிகளை எடுத்தேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பட்டியல் எழுதுவார். ஒன்பது பேர்தான் விளையாடுவது. ஒன்பது பெயரும் இங்கிலீசில். அவற்றுக்குக் கீழே பத்தாவதாக, தமிழில், "றமணன்" என்று எழுதியிருக்கிறார். விளையாடாத பத்தாவது ஆள். உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

ஆரணி உங்களுக்கு முத்தம் சொன்னாள். மருந்தை விட்டுவிடாதீர்கள்.

அன்பின்,
யசோதினி


நீர்வேலி,
03.05.2005

அன்புள்ள யசோதினிக்கு,

இரண்டு கடிதமும் கல்வெட்டும் வந்தன. முழங்கால் அப்படியேதான். அது என்னை விட்டு எங்கே போகப் போகிறது?

பதினாறாம் பக்கத்தைப் பார்த்தேன். நன்றி. பாமாவுக்கும் காட்டினேன். வந்து துக்கம் கேட்டவர்கள் வீடுகளுக்கெல்லாம் நடந்து போய்க் காட்டினேன்.

பத்தாவது பெயரைப் பற்றி நீர் எழுதியதை வாசித்து நெடுநாளைக்குப் பிறகு சிரித்தேன். சனசமூக நிலையத்து எல்லே அணிக்கு ராசன்தான் அண்ணாவியார், ஆள் சேர்ப்பதும் பழக்குவதும் அவன்தான். றமணன் பள்ளிக்கூடப் பையன், ராசன் அவனை அணியில் சேர்க்க மாட்டான். "நீ பத்தாவது. ஆருக்கும் கால் சுளுக்கினால் வா" என்பான். ஒரு நாள் ஒருவனுக்கு உண்மையாகவே சுளுக்கியது. றமணன் அடித்துவிட்டு ஓடுகிறான். மூன்றாவது கம்பத்தடியில் ராசன் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு, "நில்லடா! நில்லடா!" என்று தொண்டை கிழியக் கத்துகிறான். இவன் அண்ணனைத் தள்ளிவிட்டு ஓடி வந்து சேர்ந்தான். அன்றைக்கு வென்றது நாங்கள். வீட்டுக்கு வந்து ராசன் அவனுக்கு அடி போட்டான், பிறகு தன் பங்குக் கோழிக்காலையும் அவனுக்கே வைத்தான்.

அந்தக் கொப்பிகளைப் பற்றி இன்னும் எழுதும். கடைசி ஆட்டம் வரைக்கும் ராசன் அந்தப் பெயரை எழுதினானா?

இன்னொன்று. அறிவித்தலை எழுதிய நண்பருக்கு எங்கள் குடும்பம் சரிவரத் தெரியாது என்று எழுதியிருந்தீர். குடும்பம் தெரியாதவருக்கு றமணனின் பெயர் மட்டும் எப்படித் தெரிந்தது? நான் கூட்டுறவுச் சங்கக் கடையில் இருபத்தாறு வருடம் பதிவெழுதியவள். பிழை எப்படி வரும் என்று எனக்கு ஓரளவு தெரியும்.

ஆரணியின் சோதனை எப்படி? படிக்கிற பிள்ளைக்கு முட்டை அடித்துக் கொடும்.

மச்சாள்,
தவநாயகி


எட்மண்டன், லண்டன்,
29.05.2005

அன்புள்ள மச்சாளுக்கு,

நாங்கள் சுகம். ஆரணிக்குச் சோதனை நடக்கிறது. முட்டை கொடுக்கிறேன். உங்களுக்கு ஒரு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன், முழங்காலுக்குத் தேயுங்கள்.

நீங்கள் எழுதிய எல்லே கதையை ஆரணிக்கு வாசித்துக் காட்டினேன். "அப்பா இங்கேயும் அப்படித்தான் நிற்பார்" என்றாள். உண்மைதான். மூன்றாவது மூலையில் பயிற்சியாளர் நிற்க வேண்டும். ஓடி வருகிற பிள்ளைக்குத் தனக்குப் பின்னால் பந்து எங்கே வருகிறது என்று தெரியாது. பயிற்சியாளர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். கையைச் சுழற்றினால் ஓடு. இரண்டு கையையும் உயர்த்தினால் நில். "ஓடச் சொல்லுறது லேசு, யசோ. ஆசையா ஓடி வாற பிள்ளையை நில் எண்டுறதுதான் ஏலாது" என்பார். அவருடைய பிள்ளைகள் அதனால் எத்தனையோ தரம் அவுட்டானார்கள். இங்கே அவருக்கு நில் என்று சொல்லவே வராது.

வீட்டிலும் அப்படித்தான். ஆரணி பியானோ வேண்டுமென்றால் பியானோ. நாலு மாதத்தில் வேண்டாமென்றால் வேண்டாம். எனக்கு 2001இல் ஒப்பரேஷன் நடந்தபோது ஆறு கிழமை வீட்டில் நின்று சமைத்தார். குழம்பில் உப்பு இருக்காது, ஆனால் தட்டை என் மடியில் வைத்துவிட்டு நான் சாப்பிட்டு முடிக்கும்வரை முன்னால் இருந்து பார்ப்பார். காதல் கதைகள் எல்லாம் அவருக்குத் தெரியாது. அந்த உப்பில்லாத குழம்பைத்தான் நான் இப்போது நினைக்கிறேன்.

இந்த வருடமும் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். ஹைகேட் முருகனுக்கு அவர்கள் பெயரில் ஒரு அர்ச்சனை செய்தேன். இரண்டு மூன்று பெயர்களைச் சொல்ல ஐயர் சரியாகக் கஷ்டப்பட்டுப் போனார்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைக் கவனியுங்கள்.

அன்பின்,
யசோதினி


நீர்வேலி,
14.06.2005

அன்புள்ள யசோதினிக்கு,

எண்ணெய் கிடைத்தது. தேய்க்கிறேன். நல்ல வாசம்.

நீர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர். நான் இரண்டு கேள்வி கேட்டிருந்தேன். நான்கு பக்கத்திலும் அந்த இரண்டுக்கும் பதில் இல்லை.

சென்ற திங்கட்கிழமை விதானையார் வந்தார். புதுப் பதிவாம். "அக்கா, பேப்பரிலயே வந்திட்டுது. இனியும் பேரை வைச்சிருந்தா எனக்குத்தான் கரைச்சல்" என்றார். அது அச்சுப் பிழை என்று கல்வெட்டைக் காட்டினேன். அவர் கல்வெட்டையும் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார். "சரி, அடுத்த மாதம் வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர். அவருடைய பரிதாபம்தான் எனக்குத் தாங்கவில்லை.

யசோ, எனக்கு ஐம்பத்தேழு வயது. நான் சின்னப் பிள்ளை இல்லை. கேட்டதற்குப் பதில் எழுதும்.

ஆரணியை விசாரித்ததாகச் சொல்லும்.

மச்சாள்,
தவநாயகி


எட்மண்டன், லண்டன்,
20.07.2005

அன்புள்ள மாமிக்கு,

வணக்கம். நான் ஆரணி எழுதுகிறேன். நான் நலம். என்னுடைய தமிழ் சனிக்கிழமைப் பள்ளித் தமிழ். பிழை இருந்தால் மன்னியுங்கள்.

உங்கள் கடிதம் வந்து மூன்று கிழமை. அம்மா அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறா. எடுத்து வாசிப்பா, பிறகு வைப்பா. பேப்பரும் பேனாவும் எடுப்பா, பிறகு அழுவா. "மாமிக்கு என்ன எழுதுறது எண்டு தெரியேல்லை" என்று சொன்னா. அதனால் நான் எழுதுகிறேன். லண்டனில் குண்டு வெடித்த செய்தி கேட்டுப் பயந்திருப்பீர்கள். எங்களுக்கு ஒன்றும் இல்லை.

நான் சோதனை முடித்துவிட்டேன். இப்போது அப்பாவின் டீமுக்கு நான்தான் பட்டியல் எழுதுகிறேன். மூன்றாவது மூலையில் சந்திரகுமார் மாமா நிற்கிறார். அவர் அப்பாவின் நண்பர். அவருடைய மகள் சிவரூபினியும் விளையாடுகிறாள். எங்களுக்கு இரண்டு வெற்றி, ஐந்து தோல்வி. அப்பா இருந்தாலும் இவ்வளவுதான்.

நீங்கள் கொப்பி பற்றிக் கேட்டீர்கள் என்று அம்மா சொன்னா. நான் எல்லாவற்றையும் பார்த்தேன். 98இலிருந்து ஒவ்வொரு பட்டியலிலும் றமணன் சித்தப்பாவின் பெயர் இருக்கிறது. கடைசியாக இருப்பது 2003 மே 11. அதற்குப் பிறகு இல்லை. ஒன்பது பெயர் மட்டும். ஏன் நிறுத்தினார் என்று எனக்குத் தெரியாது.

மாமி, பத்தாவது இடத்தில் சித்தப்பாவின் பெயரை நான் திரும்ப எழுதலாமா? அம்மாவிடம் கேட்டேன். அம்மா எழும்பிக் குசினிக்குப் போய்விட்டா. நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்,
ஆரணி


நீர்வேலி,
07.08.2005

அன்புள்ள யசோதினிக்கு,

பிள்ளையின் கடிதம் கிடைத்தது. குண்டுச் செய்தி கேட்ட அன்று சந்திக் கடையில் நின்று உங்கள் நம்பரை மூன்று மணித்தியாலம் அடித்தேன், எடுபடவில்லை. நீங்கள் சுகம் என்று அறிந்தது நிம்மதி. பிள்ளைக்கு நல்ல தமிழ். அவளை ஏசவேண்டாம். அவள் ஒன்றும் பிழையாகச் செய்யவில்லை.

ராசனின் கடிதங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. 96 முடிவிலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரி ஒன்றுதான். "றமணனைப் பற்றி ஏதும் தகவலோ அக்கா?" 2003 சித்திரைக் கடிதத்திலும் அது இருக்கிறது. வைகாசிக் கடிதத்தில் இல்லை. நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன், கவரைக் கிழித்து உள்ளே பார்த்தேன். அதற்குப் பிறகு ஒரு கடிதத்திலும் அவன் கேட்கவில்லை. சமாதானம் வந்து யாழ்ப்பாணப் பாதை திறந்து, எல்லோரும் காணாமல் போனவர்களைத் தேடுகிற நேரத்தில், தேடுகிறவன் கேட்பதை நிறுத்தினால் என்ன அர்த்தம்? எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது.

அந்த ஆவணியில் மூன்று கிழமை இங்கே வந்து நின்றான். அவன் வருகிறான் என்றதும் நான் றமணனின் அறைக்கு வெள்ளையடித்தேன். கட்டிலுக்குப் புதுப் பாய் போட்டேன். நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன் என்று கண்டால் ராசன் உடைந்து போவான் என்று நினைத்தேன். சாப்பாட்டில் இருக்கும்போது, "றமணன் வந்தால் இந்தக் கறியைச் சட்டியோடு தின்பான்" என்று வேண்டுமென்றே சொன்னேன். ராசன் தலை நிமிரவில்லை. அந்த அறைக்குள் அவன் ஒரு தரமும் போகவில்லை. விதானையார் வந்தபோது கிணற்றடியைப் பார்த்துக்கொண்டு, "பேர் இருக்கட்டும் அக்கா" என்றான்.

நீர் கேட்கலாம், தெரிந்திருந்தால் பங்குனியில் அந்த அறிவித்தலுக்கு ஏன் அப்படிக் கோபித்தேன் என்று. உள்ளுக்குத் தெரிவது ஒன்று யசோ, ஊர் முழுக்க வாசிப்பது இன்னொன்று. என்னிடம் ஒருவரும் வாய் திறந்து சொல்லாத வரைக்கும் நான் அவனை உயிரோடு வைத்திருக்கலாம் என்று இருந்தேன். ராசனும் போன பிறகு எனக்கு வைத்திருக்க வேறு ஆள் இல்லை.

இப்போது களைத்துப் போனேன். ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்கு விரதம் பிடித்துப் படைத்தேன். றமணனுக்கு ஒன்பது வருடமாக ஒருவரும் ஒரு பிடி சோறு வைக்கவில்லை.

அவன் போன நாளைச் சொல்லும். நாள் தெரிந்தால்தான் திதி பார்க்கலாம். வேறொன்றும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. நாளை மட்டும் எழுதும்.

மச்சாள்,
தவநாயகி


எட்மண்டன், லண்டன்,
24.08.2005

அன்புள்ள மச்சாளுக்கு,

1996 ஒக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. விடியற்காலை.

இதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். ஒரு கிழமைக்குப் பிறகு மிச்சத்தை எழுதுகிறேன்.

2003 மேயில் டென்மார்க்கிலிருந்து ஒரு குடும்பம் எட்மண்டனுக்கு வந்தது. சந்திரகுமார் குழாய் வேலை செய்கிறவர். மகளை டீமில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு வந்தார். பதினோராம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, மகளின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று வேலியில் கட்டியிருந்த தாளைப் பார்த்திருக்கிறார். "இதார் அண்ணை, ஒரு பேர் மட்டும் தமிழில கிடக்கு?" என்று கேட்டார். "என்ர தம்பி. நீர்வேலி" என்றார் இவர். அந்த மனிதன் அப்படியே புல்லில் இருந்துவிட்டார். நான் தேநீர்ப் போத்தலோடு பக்கத்தில் நின்றேன். எல்லாவற்றையும் கண்டேன்.

96இல் றமணனையும் சந்திரகுமாரையும் ஒரே முகாமில்தான் அடைத்து வைத்திருந்தார்களாம். றமணன் சந்திரகுமாரின் மடியில்தான் போனாராம். காய்ச்சல் என்று சொன்னார். அடிகளைப் பற்றி இவரிடம் மட்டும் தனியே சொன்னார், நான் கேட்கவில்லை. நாள் எப்படி மறக்கவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். அன்றைக்குச் சிவரூபினிக்கு முதலாவது பிறந்தநாள். உள்ளே இருந்துகொண்டு விரலில் எண்ணி வைத்திருந்தாராம்.

அறிவித்தலை எழுதியதும் அவர்தான். நாங்கள் உங்களுக்குச் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியாது. நான் உங்களுக்குப் பொய் எழுதினேன்.

இவர் ஆவணியில் உங்களிடம் வந்தது சொல்வதற்குத்தான், மச்சாள். போகுமுன் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார். திரும்பி வந்த அன்று பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, "அக்கா அறைக்கு வெள்ளையடிச்சு வைச்சிருக்கிறா, யசோ. ஏலாமல் போச்சு" என்றார். சொல்லக்கூடாது என்று என் கையில் சத்தியம் வாங்கினார். அதற்குப் பிறகு வந்த இரண்டு ஒக்டோபரிலும் அந்தப் பிள்ளை கேக் வெட்டும்போது இவர் வாழ்த்திவிட்டு வெளியே போய் நின்றார். குளிரில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் இதயம் நின்றதற்கு டொக்டர்கள் கொழுப்பு என்றார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

நீங்கள் அவருக்காக வெள்ளையடித்தீர்கள். அவர் உங்களுக்காக வாயை மூடினார். உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்கு உங்கள் இரண்டு பேரிலும் கோபம் வந்தது. ஒருதரம் சேர்ந்து அழுதிருக்கலாமே!

என்னை மன்னியுங்கள். உங்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும் பதில் போடுங்கள். நீங்கள் திடமாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன்.

அன்பின்,
யசோதினி


நீர்வேலி,
04.10.2005

அன்புள்ள யசோதினிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீரும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். உம்மில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நீர் சத்தியத்தைக் காத்தீர், அதற்காக யாரும் கோபிக்க முடியாது.

பதில் எழுத இவ்வளவு நாள் எடுத்ததற்குக் காரணம், கையில் வேலை இருந்தது. ஐயரிடம் நாளைக் கொடுத்தேன். பழைய பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னார். புரட்டாதி, அபரபக்கச் சதுர்த்தசி. இந்த வருடம் அது சென்ற ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் பெரியப்பாவின் பேரன் வந்து கிரியை செய்தான். கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம். றமணனுக்கு ஒரு இலை போட்டேன். ராசனுக்கு இன்னும் ஆண்டு திரும்பவில்லை, தனி இலை போடக் கூடாது என்றார் ஐயர். ஆகையால் றமணனுடைய இலையில் கறியை இரண்டு பங்காக வைத்தேன். அவர்களுக்கு அது பழக்கம்தானே. பிறகு பாமாவும் நானும் வெள்ளையடித்த அறைக்குள் இருந்து வாய்விட்டு அழுதோம். நீர் சொன்ன அந்த அழுகையை ராசன் இல்லாமல் அழ வேண்டியதாகப் போயிற்று.

நேற்றுக் காலை நானே நடந்து விதானையாரிடம் போனேன். குடும்ப அட்டையைக் கொடுத்தேன். அவர் பேனாவை எடுக்கத் தயங்கினார். "போடுங்கோ" என்றேன். கோடு போட்டார். சங்கக் கடையில் இருபத்தாறு வருடம் எத்தனையோ பங்கீட்டு அட்டைகளில் நான் கோடு போட்டிருக்கிறேன். ஒரு கோடு போட இவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியாது.

சந்திரகுமாரிடம் நான் சொன்னதாக இதைச் சொல்லும். என் தம்பிக்குக் கடைசியில் ஒரு மடி இருந்தது என்று அறிந்தது எனக்குப் போதும். அந்தப் பிள்ளையின் பிறந்தநாள் அடுத்த கிழமை வருகிறது. நாங்கள் திதியில் செய்துகொள்கிறோம். பதினோராம் திகதி முழுக்க அவளுக்கே இருக்கட்டும். நல்லாய்க் கேக் வெட்டட்டும், ஒருவரும் வெளியே போய் நிற்க வேண்டாம்.

ஆரணி என்னிடம் ஒன்று கேட்டிருந்தாள். அதற்கு இன்னும் பதில் போடவில்லை. அவளிடம் சொல்லும்: அட்டையில் பெயரை எடுத்தாயிற்று, அது அரசாங்கத்துக் கணக்கு. விளையாட்டுப் பட்டியலில் இருக்கட்டும். ஒன்பது பிள்ளைகளுக்குக் கீழே பத்தாவதாக றமணன். அவனுக்குக் கீழே பதினோராவதாக ராசன். இரண்டையும் தமிழில் எழுதச் சொல்லும். பெயருக்கு முன்னால் ஒரு சொல்லும் போட வேண்டாம்.

குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள்.

மச்சாள்,
தவநாயகி